மேசைக்கு அந்தப் பக்கம் யார் நிற்பது?

பெண்கள் ஆயர் ஆகலாமா என்று வடசென்னையில் எந்தக் கிறிஸ்தவரைக் கேட்டாலும் பதில் உடனே வந்துவிடும். ஒருவர் 1 தீமோத்தேயு 2:12 சொல்வார்: "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை." இன்னொருவர் கலாத்தியர் 3:28ஐ எடுப்பார்: "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை." மூன்றாமவர் ரோமர் 16ஆம் அதிகாரத்தைப் பிரித்து பெபேயாள், பிரிஸ்கில்லாள், யூனியா என்று அடுக்குவார். டீ ஆறிப்போகும். யாரும் இடம் மாறியிருக்க மாட்டார்கள்.

வசனங்களால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1 கொரிந்தியர் 11இல் பவுல், ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். சபையில் பெண் வாய் திறப்பாள் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் முக்காட்டுப் பேச்சே வருகிறது. மூன்று அதிகாரம் தள்ளி, 14:34இல், பெண்கள் சபைகளில் பேசாமலிருக்கக்கடவர்கள் என்கிறது அதே கடிதம். இரண்டையும் சேர்த்துக் கையில் வைத்திருக்கும் எந்தச் சபையும் இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் வளைத்துத்தான் வாசிக்கிறது. 14:34ஐ அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பதாகச் சொல்லும் சபையில் ஞாயிறு காலை வேதபாடம் வாசிப்பது யார் என்று பாருங்கள், புரிந்துவிடும்.

சண்டை நகராததற்கு வேறு காரணம் இருக்கிறது. அபிஷேகம், அதாவது ஒருவரைக் குருவானவராக ஏற்படுத்தும் சடங்கு, யாருக்கு என்று எல்லோரும் கேட்கிறோம். அபிஷேகம் எதற்கு என்பதில் ஒரு சபையின் விடை இன்னொரு சபையில் செல்லாது. ராயபுரத்தில் ஏறி வேப்பேரியில் இறங்குவதற்குள் அந்த விடைகளில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், இரட்சணிய சேனை, பிரதரன், பெந்தெகொஸ்தே என்று எல்லோரும் அக்கம்பக்கத்துக்காரர்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: கத்தோலிக்கர் ஆயர் என்றால் பிஷப், சி.எஸ்.ஐ.காரர் ஆயர் என்றால் சபையை நடத்தும் குருவானவர், அவர்களுடைய பிஷப் பேராயர். கீழே ஆயர் என்று வருவதெல்லாம் சி.எஸ்.ஐ. வழக்கப்படி.

முதலில் கத்தோலிக்கர். ராயபுரம் புனித பேதுரு ஆலயத்திலோ பெரம்பூர் லூர்து மாதா ஆலயத்திலோ ஒரு பெண் இன்று என்னென்ன செய்யலாம்? வாசகம் வாசிக்கலாம். பீடத்தில் உதவலாம். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தின் 230ஆம் பிரிவைத் திருத்திய பிறகு, வாசகர், பீடப்பணியாளர் என்ற நிலையான பொறுப்புகளே பெண்களுக்குத் திறந்துவிட்டன. அனுமதி இருந்தால் நற்கருணை வழங்கலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் யாராக இருந்தாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம், இது 861ஆம் பிரிவு. மிச்சம் இருப்பது திருப்பலி நிறைவேற்றுவது, பாவசங்கீர்த்தனம் கேட்பது, நோயில் பூசுதல், திருப்பலியில் மறையுரை. பட்டியலில் சில வரிகள்தான், ஆனால் கத்தோலிக்கருக்குத் திருச்சபையின் உயிரே அந்தச் சில வரிகளில்தான்.

1024ஆம் பிரிவு, திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே செல்லத்தக்க விதத்தில் குருப்பட்டம் பெற முடியும் என்கிறது. 1994 மே 22 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடல் இதற்கு இன்னொரு பூட்டுப் போட்டது. பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்பது அதன் வாதம். கொடுக்க மனமில்லை என்பதற்கும் கொடுக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவதைப் போராடி மாற்றலாம். இரண்டாவதில் மனு வாங்கும் ஜன்னலே கிடையாது. பெண்ணுக்குப் பட்டம் கொடுக்க முயன்றால் கொடுத்தவர், பெற்றவர் இருவரும் தாமாகவே திருச்சபை விலக்குக்கு ஆளாவார்கள் என்று 2021இல் திருத்திய தண்டனைச் சட்டமும் சொல்கிறது. கதவு சற்றுத் திறந்திருப்பது குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் (டீக்கன்) நிலையில் மட்டும். 2024 அக்டோபரில் கூடிய கத்தோலிக்க பிஷப்புகள் மாமன்றத்தின் இறுதி அறிக்கை, பெண் திருத்தொண்டர் பற்றிய கேள்வி இன்னும் முடிவாகவில்லை என்று எழுதிவைத்தது. அந்தப் பத்திக்கு 258 பேர் ஆதரவு, 97 பேர் எதிர்ப்பு. அறிக்கையிலேயே அதிக எதிர்ப்பு வாங்கிய பத்தி அதுதான்.

அப்படியே வேப்பேரி ரிதர்டன் ரோட்டுக்கு வந்தால் இரட்சணிய சேனையின் மண்டலத் தலைமையகம். இங்கே ஞானஸ்நானமும் கிடையாது, மேசையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தும் கிடையாது. மேசையே இல்லாததால் மேசைக்கு அந்தப் பக்கம் யார் நிற்பது என்ற கேள்வியும் எழவில்லை. ஆரம்பத்திலிருந்தே பெண்கள் ஆபீசர்கள், அதாவது அவர்களுடைய போதகர்கள். 1934லேயே எவாஞ்சலின் பூத் உலகம் முழுவதற்கும் ஜெனரல் ஆனார். பிரதரன் சபை இதற்கு நேர் எதிர்முனை. அங்கே குருவானவர் என்ற வர்க்கமே இல்லை, யாருக்கும் அபிஷேகம் இல்லை. ஆனாலும் அப்பம் பிட்கும் கூட்டத்தில் பெண்கள் முக்காடிட்டு மௌனமாக இருப்பார்கள். ஆக, அபிஷேகத்தை எடுத்துவிட்டால் பெண் பேசலாம் என்றும் இல்லை, பெண் பேசினால் அபிஷேகம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. இந்த இரண்டு சபைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த விவாதத்தில் இறங்குவது வீண்.

சி.எஸ்.ஐ.யில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாகச் சேர்ந்தபோது பெரிய சிக்கல் பெண்கள் இல்லை, ஆண்கள். பிஷப் கைவைத்து அபிஷேகம் பெற்றவர்கள் ஆங்கிலிக்கன் குருக்கள். மற்றவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் கொடுக்கும் திருவிருந்து செல்லுமா? மறு அபிஷேகம் செய்யச் சொன்னால் இத்தனை வருஷம் ஊழியம் செய்தது பொய் என்றாகிவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏற்கனவே ஊழியத்தில் இருப்பவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படுவார்கள்; இனிமேல் வருகிற அபிஷேகங்கள் எல்லாம் பேராயர் கையால். எந்தச் சபைக்கும் அதற்குப் பழக்கமில்லாத ஊழியத்தையோ, அதன் மனச்சாட்சி ஏற்காத ஊழியத்தையோ திணிக்க மாட்டோம் என்று ஓர் உறுதிமொழியும் சேர்த்தார்கள். இடைக்காலத்துக்கு 30 ஆண்டு கெடு.

அந்த 30 ஆண்டு முடியும் தறுவாயில், 1970களின் நடுவில், பெண்களுக்கு ஆயர் அபிஷேகம் என்ற கதவு திறந்தது. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையில் முதல் 32 பெண்கள் பிரிஸ்டல் கதீட்ரலில் குருக்களாக அபிஷேகம் பெற்றது 1994 மார்ச் 12 அன்றுதான். தாய்ச்சபை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது நமக்குப் பின்னால் வந்தது. அதுவும் அங்கே, பெண் குருக்களை ஏற்காத சபைகளைக் கவனிக்கத் தனி பிஷப்புகளுக்கு ஏற்பாடு செய்த பிறகு. சி.எஸ்.ஐ.யில் அப்படித் தனி ஏற்பாடு இல்லை. எனக்கு இது பெருமையாகவே படுகிறது. ஆனால் ஏற்பாடு இல்லை என்பதன் மறுபக்கமும் உண்டு: எதிர்ப்பு காகிதத்தில் வராது, கமிட்டியில் வரும்.

கமிட்டி என்றதும் எதை எதிர்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சி.எஸ்.ஐ. ஆலயத்தில் அபிஷேகம் இல்லாத ஒருவர், ஆணோ பெண்ணோ, ஆராதனை நடத்தலாம், பிரசங்கம் பண்ணலாம், திருவிருந்தில் பாத்திரம் ஏந்தி உதவலாம். பாவ அறிக்கைக்குப் பிறகு ஆயர் "உங்கள் பாவங்களை மன்னித்து" என்று அறிவிக்கும் இடத்தில் அவர் "நம்முடைய பாவங்களை மன்னித்து" என்று ஜெபமாகச் சொல்வார். கடைசி ஆசீர்வாதத்தில் கை உயர்த்தாமல் "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவின் கிருபையும்" என்று முடிப்பார். அபிஷேகம் கூட்டுவது மேசை முன்னால் ஏறெடுக்கும் ஸ்தோத்திர ஜெபம், மன்னிப்பு அறிவிப்பு, ஆசீர்வாதம், திருமணம். அதோடு பொறுப்பு ஆயர் என்றால் சேகரக் கமிட்டியின் (சேகரம் என்றால் ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) சேர்மன் நாற்காலி, செக்கில் கையெழுத்து, பல இடங்களில் சபைப் பள்ளிக்கூட நிர்வாகத்தில் ஒரு கை. பலிபீடத்தில் பெண் நிற்பதைப் பார்த்துக் கண் கலங்கி ஆமென் சொல்கிற அதே ஆள், மாதக் கமிட்டியில் அவர் கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் முகம் சுளிக்கிறார். "அதிகாரஞ்செலுத்தவும்" என்ற சொல் அங்கேதான் குத்துகிறது.

ஆயராகும் படிகளைப் பார்ப்போம். பேராயம் என்பது ஒரு பேராயரின் நிர்வாகப் பகுதி; விவரங்கள் பேராயத்துக்குப் பேராயம் கொஞ்சம் மாறும். திடப்படுத்தல் பெற்ற உறுப்பினராக இருக்க வேண்டும், சேகரத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். பேராயம் விண்ணப்பம் கேட்கும்போது மனுப் போட வேண்டும். பிறகு ஊழியர் தேர்வுக் குழுவின் நேர்காணல், வேத அறிவுத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. கொஞ்ச காலம் களப்பணி. அதன் பிறகு செராம்பூர் செனட் தரும் பி.டி. என்ற இறையியல் பட்டம், மதுரை அரசரடியிலோ கீழ்ப்பாக்கம் குருக்குல் கல்லூரியிலோ பெங்களூரிலோ படிக்கலாம். படித்து வந்தால் பயிற்சிக் காலம், டீக்கன் அபிஷேகம், அதற்கடுத்து ஆயர் அபிஷேகம். ஆயர் அபிஷேகத்தில் பேராயரோடு சுற்றி நிற்கும் ஆயர்களும் சேர்ந்து தலைமேல் கைவைப்பார்கள்.

சிக்கல் பெரும்பாலும் பட்டத்துக்கும் அபிஷேகத்துக்கும் இடையில் வருகிறது. பேராயத்தின் சிபாரிசு இல்லாமல் சொந்தச் செலவில் பி.டி. சேருகிற பெண்கள் உண்டு. கல்லூரி அவர்களை எடுத்துக்கொள்ளும், எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொடுக்கும், பட்டமும் கொடுக்கும். அபிஷேகம் கொடுக்கும் அதிகாரம் கல்லூரிக்கு இல்லை, பேராயத்துக்குத்தான். பட்டத்தோடு வீட்டுக்கு வந்தபின் பேராயம் ஆள் எடுக்காவிட்டால், அவர் ஒரு பள்ளியில் நன்னெறி வகுப்பு எடுத்துக்கொண்டோ தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டோ காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: என்னை அனுப்புவது யார், அது எழுத்தில் இருக்கிறதா? மகளை இறையியல் படிக்க வைக்கும் பெற்றோர் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கட்டும்.

அடுத்தது போஸ்டிங். பெண் ஆயரின் கணவரும் ஆயர் என்றால் கணவருக்குச் சேகரம், மனைவிக்கு அதே சேகரத்தில் துணை ஆயர் பொறுப்பு என்று முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம். கணவர் வேறு வேலை பார்ப்பவர் என்றால் மாற்றல் வரும்போதெல்லாம் குடும்பம் இரண்டாகப் பிரியும். கணக்கில் ஏறாத வேலை ஒன்றும் இருக்கிறது. ஆயர் ஆணாக இருந்தால் அவர் மனைவி சம்பளமில்லாமல் பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துவார், ஞாயிறு பள்ளியைப் பார்ப்பார், பார்சனேஜுக்கு (ஆயர் வீட்டுக்கு) வருகிறவர்களுக்கெல்லாம் காபி போடுவார். ஆயர் பெண்ணாக இருந்தால் கணவர் வந்து பெண்கள் சங்கம் நடத்தப் போவதில்லை. சபையோ இரண்டு வேலையையும் அந்த ஒரு பெண்ணிடமே எதிர்பார்க்கிறது. "போன ஐயா இருந்தப்ப வீட்டுச் சந்திப்பு நல்லா நடந்துச்சு, இந்தம்மாவுக்கு நேரமில்ல" என்ற குறை பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. பெண் ஆயர் பொறுப்பேற்கும் சேகரம், முதல் மாதக் கமிட்டியிலேயே சங்கத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் தனித்தனிப் பொறுப்பாளர் போட்டுவிட்டால் பாதி குறை எழும்பாமலே போகும்.

திருவிருந்து வரிசையைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் அப்பம் கொடுக்கிறார்கள், ஒரு பக்கம் பெண் ஆயர், மறுபக்கம் உதவிக்கு வந்த ஆண் ஊழியர். சிலர் நைசாக வரிசை மாறி ஆண் பக்கம் போவார்கள். மேசையில் நின்று அந்த அப்பத்துக்கும் ரசத்துக்கும் ஜெபம் ஏறெடுத்தவர் அந்தப் பெண்தான். அவர் ஜெபம் செல்லாது என்றால் எந்த வரிசையில் வாங்கினாலும் செல்லாது. செல்லும் என்றால் வரிசை மாறத் தேவையில்லை. இறையியலாக அதற்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. அது கூச்சம், பழக்கம். பழக்கத்துக்கு வசனம் காட்டி வாதாடுவதைவிட, அடுத்தடுத்த மாதங்களில் அதே ஆயர் அதே இடத்தில் நிற்பது நன்றாக வேலை செய்யும்.

சத்தமாகக் கேட்காத இன்னொரு கேள்வி தீட்டு. "அந்த மூணு நாள்ல மேசையில நிக்கலாமா?" சி.எஸ்.ஐ. ஒழுங்கில் அப்படி ஒரு தடை இல்லை. லேவியராகமம் 15ஐ எடுத்துக் காட்டுபவர், அதே அதிகாரம் ஆண்களின் தீட்டைப் பற்றியும் பேசுகிறது என்பதைச் சேர்த்து வாசிக்க வேண்டும். மாற்கு 5இல் பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள (உதிரப்போக்கு நிற்காத) ஸ்திரீ கூட்டத்துக்குள் வந்து வஸ்திரத்தைத் தொட்டபோது இயேசு அவளை விலக்கவில்லை, "மகளே" என்றார். கமிட்டியில் யாராவது ஜாடையாக இந்தப் பேச்சை எடுத்தால் வெட்கப்பட்டு மழுப்பாமல் இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

ராத்திரி சாவு வீட்டுக்கும் காசிமேட்டுக் கல்லறைக்கும் பெண் எப்படிப் போவாள் என்று கேட்பார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை. விடியும் முன்னாலேயே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கிக்கொண்டு ஏலத்துக்கு நிற்பது பெண்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்ப்பது பெண்கள். ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரியின் தொடக்கமே 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாக்டர் மட்டில்டா மக்ஃபெயில் என்ற பெண்ணிடம் இருக்கிறது. வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டியவர்களும் பைபிள் உமன்கள்தான். அத்தனை வேலைக்கும் அனுப்பிய சபை, கல்லறையில் ஜெபம் சொல்ல மட்டும் பாதுகாப்பு பற்றிக் கவலைப்படுகிறது. உண்மையான கவலை என்றால் தீர்வு எளிது: இரவு அழைப்பு வந்தால் கமிட்டி உறுப்பினர் ஒருவர் வண்டியோடு கூடப் போக வேண்டும் என்று முறை வைத்துவிடலாம். ஆண் ஆயருக்கும் அது உதவும்.

திருமணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே சபை ஒழுங்கோடு அரசுச் சட்டமும் சேர்கிறது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு யார் யார் திருமணம் நடத்தலாம் என்று பட்டியல் போடுகிறது. முதல் வரியிலேயே, பிஷப் கையால் அபிஷேகம் பெற்ற எவரும் தம் சபை முறைப்படி நடத்தலாம் என்று இருக்கிறது. ஆண் என்று அந்த வரி சொல்லவில்லை. அதனால் சி.எஸ்.ஐ. பெண் ஆயர் நடத்தும் கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. சபையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடத்திப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. நேர வரம்பு அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு. முகூர்த்தம் தள்ளிப்போய் ஏழரைக்கு மாலை மாற்றுகிற வீட்டார் கவனிக்க வேண்டியது.

வியாசர்பாடி, கொடுங்கையூர், எருக்கஞ்சேரி பக்கம் தனிச் சபை நடத்தும் பெண் பாஸ்டர்களுக்கு நிலைமை வேறு. பெந்தெகொஸ்தே மரபில் அதிகாரம் பரிசுத்த ஆவியின் வரத்திலிருந்து வருகிறது. "உங்கள் குமாரரும் உங்கள் குமாரத்திகளும் தீர்க்கதரிசனஞ்சொல்லுவார்கள்" என்ற அப்போஸ்தலர் 2:17 அவர்களுக்குப் போதும். பாஸ்டரான கணவர் இறந்தபின் பாஸ்டரம்மாவே சபையைத் தொடர்ந்து நடத்துவதும் உண்டு, எந்த சினாடும் (திருச்சபையின் உச்ச மன்றமும்) கேட்கப் போவதில்லை. ஆனால் அவர்களுக்குப் பிஷப் அபிஷேகம் கிடையாது. அதனால் திருமணம் நடத்த அதே திருமணச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு தரும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் 68ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை. ஆகவே பிரசங்கம், ஜெபம், உபவாசக் கூட்டம் எல்லாம் அந்த அம்மா நடத்துவார், கல்யாணத்தன்று மட்டும் லைசென்ஸ் வைத்திருக்கும் ஆண் பாஸ்டர் ஒருவரை வெளியிலிருந்து கூப்பிடுவார்கள். அவரே லைசென்ஸுக்கு மனுப் போடலாம், சட்டம் தடுக்கவில்லை. போடுவதற்கு முன் சபையின் டிரஸ்ட் பத்திரத்தில் தன் பெயர் எந்தப் பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது முக்கியம். கணவர் பெயரில் மட்டும் பத்திரம் எழுதியிருந்தால், அவர் இறந்த பிறகு மைத்துனர்கள் வந்து நிற்கும்போதுதான் பிரச்சினை தெரியவரும்.

மறுபடி சி.எஸ்.ஐ.க்கு. 2013 செப்டம்பரில் நந்தியால் பேராயத்துக்கு எக்கோனி புஷ்பலலிதா பேராயராக அபிஷேகம் பெற்றார், சி.எஸ்.ஐ.யில் முதல் பெண். சபை தொடங்கி 66 ஆண்டு. சென்னைப் பேராயத்துக்கு இதுவரை வந்த பேராயர்கள் அனைவரும் ஆண்கள். பேராயர் என்றால் சிக்கல் ஏன் இரட்டிப்பாகிறது என்றால், அவர் மற்றவர்களுக்கு அபிஷேகம் கொடுப்பவர். பெண் ஆயரை ஏற்காதவர் பக்கத்துச் சேகரத்துக்குப் போய்க்கொள்ளலாம். பெண் பேராயர் கைவைத்த ஆண் ஆயர்களை ஏற்பதா வேண்டாமா என்ற கேள்வியிலிருந்து அப்படி ஒதுங்க முடியாது. இங்கிலாந்தில் முதல் பெண் குருக்களுக்கும் முதல் பெண் பிஷப்புக்கும் நடுவில் 1994 முதல் 2015 வரை இடைவெளி விழுந்ததற்கு இந்தச் சங்கிலிதான் பெரிய காரணம்.

நம் பக்கம் இறையியல் தடையை எப்போதோ தாண்டியாகிவிட்டது, தடுப்பது எண்ணிக்கை. பேராயர் இடம் காலியானால் பேராய மன்றம் ஓட்டுப் போட்டு ஒரு பேனலைத் தேர்ந்தெடுக்கும், அதிலிருந்து ஒருவரை சினாட் நியமிக்கும். மன்றத்தில் ஓட்டுப் போடுபவர்கள் ஆயர்களும் சேகரங்களிலிருந்து வரும் பிரதிநிதிகளும். அவர்களுக்குத் தெரிந்த முகங்கள் பெரிய நகரச் சேகரங்களில் பொறுப்பு ஆயராக இருந்தவர்கள், பேராய அலுவலகத்தில் செயலராக இருந்தவர்கள். துணை ஆயராகவே மாற்றல் மாற்றலாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண் எவ்வளவு நல்ல பிரசங்கியாக இருந்தாலும் அந்த அறையில் அவரைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். பிராட்வேயிலோ ராயபுரத்திலோ ஒரு பெரிய சேகரத்துக்குப் பெண் ஆயரைப் பொறுப்பில் போடச் சொல்லி இன்று கமிட்டி கேட்டால், பதினைந்து வருஷம் கழித்து வரும் பேனலில் ஒரு பெயர் இருக்கலாம். மாற்றல் பட்டியல் தயாராவதற்கு முன் அந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி மினிட்ஸில் ஏற்றி, நகலைப் பேராயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னது கோப்பில் ஏறாது.